பதவி ஏற ஏற உண்மை குறைகிறது: தலைமையில் இருப்பவர்களிடம் விவேகமும் பண்பும் எப்படி வளர்கின்றன

நரை கூடினால் நிதானமும் கூடும் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலான நிறுவனங்கள் ஆட்களை மேலே ஏற்றுகின்றன. இந்த நம்பிக்கையை பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மனித வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் பால் பால்டஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நீண்ட காலம் சோதித்தார்கள். கடினமான வாழ்க்கைச் சிக்கல் ஒன்றைச் சொல்லி, அதைப் பற்றி வாய்விட்டு யோசிக்கச் சொல்வார்கள். பேசியதை ஐந்து அளவுகோல்களால் மதிப்பிடுவார்கள்: மனித வாழ்வைப் பற்றிய விரிந்த அறிவு, அந்த அறிவைக் கையாளும் முறை, சிக்கலை அவரவர் காலத்திலும் சூழலிலும் வைத்துப் பார்ப்பது, ஆளுக்கு ஆள் எது முக்கியம் என்பது மாறும் என்பதை ஏற்பது, தெரியாததைத் தெரியாது என்று உணர்ந்து அதற்கேற்ப நடப்பது. முதிராத பருவத்தைத் தாண்டியவர்களிடையே வயது மட்டும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. நாற்பதைத் தாண்டியவர் முப்பதில் இருப்பவரைவிட விவேகமானவர் என்று அவருடைய பிறந்த தேதியை வைத்துச் சொல்ல முடியாது.

அனுபவம் வீண் என்று இதற்குப் பொருளில்லை. அது பாடமாக மாறுவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு, அவ்வளவுதான். உள்ளுணர்வை எவ்வளவு நம்பலாம் என்பதில் எதிரெதிர் முகாம்களில் இருந்த உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009-இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டு விஷயங்களில் அவர்கள் ஒத்துப்போனார்கள். வேலை நடக்கும் சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். செய்ததன் விளைவு சீக்கிரமாகவும் தெளிவாகவும் செய்தவருக்குத் தெரிய வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவருக்கு இரண்டும் வாய்க்கின்றன. அளவு பிசகினால் சில நிமிடங்களில் கருவி காட்டிக்கொடுத்துவிடும். நிறுவனத் தலைவருக்கு இரண்டும் வாய்ப்பதில்லை. இன்று ஒருவரைத் துறைத் தலைவராக நியமிக்கிறார். அது சரியான தேர்வா என்பது இரண்டு ஆண்டு கழித்துத்தான் புலப்படும். அதற்குள் சந்தை மாறியிருக்கும், குழு மாறியிருக்கும், நியமித்தவரே வேறு பொறுப்புக்குப் போயிருப்பார்.

தாமதம் பாதிச் சிக்கல்தான். மறுபாதி முகதாட்சண்யம். பிரிவு மேலாளராக இருந்தபோது ஒருவரின் திட்டத்தில் ஓட்டை இருந்தால் பக்கத்து மேசைக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அவரே தலைமை நிர்வாகி ஆனதும் அதே ஓட்டை ‘கொஞ்சம் கவனிக்க வேண்டிய அம்சம்’ ஆகிவிடுகிறது. கீழ்நிலையில் ‘நடக்காது’ என்று கிளம்பிய செய்தி, ஒவ்வொரு படியிலும் ஓரம் தேய்ந்து, மேலே வந்து சேரும்போது ‘சில சவால்கள் உள்ளன’ என்று நிற்கும். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு சொல்லை மட்டும் மென்மையாக்கியிருப்பார்கள்.

ஆக, ஒருவரை விவேகமுள்ளவராக ஆக்கியவை எவையோ அவற்றையே பதவி அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. தலைமைப் பயிற்சி என்றால் அப்படிப் பறிபோனதைத் திட்டமிட்டுத் திருப்பிக் கொடுப்பதாக இருக்க வேண்டும். இரண்டு நாள் வகுப்பும் சான்றிதழும் அதைச் செய்வதில்லை.

விவேகம் தனி, பண்பு தனியா?

அரிஸ்டாட்டில் இரண்டையும் பிரிக்க முடியாது என்றார். கோட்பாட்டு அறிவு வேறு, கைத்திறன் வேறு, இந்த இடத்தில் இந்த நேரத்தில் எது செய்யத் தக்கது என்று அறியும் நடைமுறை விவேகம் வேறு என்பது அவருடைய பகுப்பு. இளைஞர் கணிதத்தில் வல்லவராகலாம், இந்த விவேகத்தில் ஆக முடியாது என்றும் சொன்னார். அதற்கு நேரில் பட்டறிந்த தனித்தனிச் சூழல்கள் வேண்டும் என்பது அவர் காரணம். பண்பு சரியான இலக்கைக் காட்டும், விவேகம் அங்கே போகும் வழியைக் காட்டும். பண்பு இல்லாத விவேகம் வெறும் சாமர்த்தியம். விவேகம் இல்லாத நற்குணமும் கேடு செய்யும்: யார் மனமும் நோகக் கூடாது என்று ஆட்குறைப்புச் செய்தியைத் தள்ளிப்போடும் நல்ல மனிதர், ஊழியர்கள் வேறு வேலை தேடிக்கொள்ள இருந்த மூன்று மாதங்களை அவர்களிடமிருந்து பறித்துவிடுகிறார்.

கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து ஐவி வணிகப் பள்ளியில் மேரி கிராசனும் சக ஆய்வாளர்களும் 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு இதையே நடைமுறைக் கருவியாக்கினார்கள். தலைமைப் பண்பை அவர்கள் 11 கூறுகளாகப் பிரிக்கிறார்கள். நெஞ்சுரம், நிதானம், பணிவு, நேர்மை, நியாயம், மனிதநேயம், ஒத்துழைப்பு, உந்துதல், பொறுப்பேற்றல், தன்னலம் கடந்த நோக்கு ஆகிய பத்தும் சுற்றி நிற்க, நடுவில் நிற்பது தீர்ப்புத் திறன். எந்தக் குணத்தை எவ்வளவு, எப்போது என்று அதுதான் அளக்கிறது.

இந்தச் சட்டகத்தில் பலர் தவறவிடும் பகுதி ஒன்று உண்டு. எந்தக் குணமும் துணை இல்லாமல் தனியாக வளர்ந்தால் குறையாகிவிடும். நிதானமில்லாத நெஞ்சுரம் முரட்டுத்தனம். பணிவில்லாத உந்துதல் ஆட்களை அரைத்துத் தள்ளும். பொறுப்பேற்றல் இல்லாத மனிதநேயம் வேலை செய்யாதவரைக் காப்பாற்றி, செய்பவர் தலையில் பாரத்தை ஏற்றும். எனவே ஒருவரிடம் குறை தென்பட்டால் ஓங்கி நிற்கும் குணத்தை வெட்டப் போகக் கூடாது. ‘அவ்வளவு வேகம் வேண்டாம்’ என்று அறிவுரை கேட்டவர் ஒரு மாதம் சோர்ந்திருந்துவிட்டுப் பழையபடி ஓடுவார். அவரிடம் மெலிந்திருக்கும் துணைக் குணம் எது என்று பார்த்து, அதற்குப் பயிற்சி கொடுப்பதுதான் பயன் தருகிறது.

ஓர் இரவுத் தொலைபேசிக் கூட்டம்

குணம் எந்த இடத்தில் உடைகிறது என்பதைப் பார்க்க 1986 ஜனவரி 27 இரவு போதும். மறுநாள் காலை சேலஞ்சர் விண்ணோடம் கிளம்ப வேண்டும். திட ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள், கடுங்குளிரில் இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும் என்று அஞ்சினார்கள். சுமார் 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்பது நிறுவனத்தின் முதல் பரிந்துரை. நாசா அதிகாரிகள் அதைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். தயோக்கால் ஐந்து நிமிடம் தனியாகப் பேசிக்கொள்ள அவகாசம் கேட்டது. அந்த ஐந்து நிமிடம் ஏறத்தாழ அரை மணி நேரமானது.

அந்த அரை மணியில் நடந்தது விசாரணை ஆணையத்தின் பதிவில் இருக்கிறது. ரோஜர் பாய்ஷோலி, ஆர்னி தாம்சன் என்ற பொறியாளர்கள் எழுந்து மேலாளர்களின் மேசைக்குப் போனார்கள். ஒருவர் இணைப்பை வரைந்து காட்ட முயன்றார், இன்னொருவர் முந்தைய பயணத்தில் கரிபடிந்த வளையத்தின் படங்களை எடுத்து வைத்தார். பலனில்லை. அதுவரை பொறியாளர்கள் பக்கம் நின்ற பொறியியல் துணைத்தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியை மாட்டச் சொன்னார் மூத்த துணைத்தலைவர். பிறகு மேலாளர்கள் நால்வரிடம் மட்டும் கருத்துக் கேட்கப்பட்டது. பரிந்துரை மாறியது. காலையில் ஏவுதளத்தில் வெப்பநிலை சுமார் 2 டிகிரி. கிளம்பிய 73 விநாடிகளில் விண்ணோடம் சிதறி, ஏழு பேர் இறந்தார்கள்.

அந்த அறையில் அறிவுக்குப் பஞ்சமில்லை. துணிவும் இருந்தது, இரண்டு பொறியாளர்களும் கூச்சப்படாமல் பேசினார்கள். சறுக்கியது வேறு இடத்தில். வழக்கமாகப் பாதுகாப்பானது என்று நிரூபித்தால்தான் ஏவ முடியும். அன்று இரவு ஆபத்தானது என்று நிரூபித்தால்தான் நிறுத்த முடியும் என்றாகிவிட்டது. நிரூபிக்கும் சுமை கைமாறியதை உரக்கச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. தொப்பி மாற்றும் அந்த ஒரு வாக்கியம், உயிர் பற்றிய கேள்வியை வணிகக் கேள்வியாக மாற்றிவிட்டது. ஆய்வாளர்கள் ஆன் டென்புருன்செலும் டேவிட் மெசிக்கும் 2004-இல் இதற்கு அறம் மங்குதல் என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார்கள். கெட்டது என்று தெரிந்தே செய்வதைவிட, கெட்டது என்ற நினைப்பே எழாதபடி சொற்கள் மூடிவிடுவது அதிகம் நடக்கிறது. ‘சரிசெய்தல்’, ‘இலக்குப் பொருத்தம்’, ‘வணிக முடிவு’ போன்ற சொற்கள் கூட்டத்தில் திடீரெனப் பெருகினால், யாராவது ஒருவர் அதைப் பச்சையாக, நடப்பதை நடக்கிறபடி ஒரு வாக்கியத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். இது கற்றுக்கொள்ளக்கூடிய பழக்கம். கூட்டத்தை நடத்துபவரே ‘இதை வாடிக்கையாளரிடம் நேரில் எப்படிச் சொல்வோம்?’ என்று கேட்டால் அந்த வாக்கியம் வந்துவிடும்.

சூழல் குணத்தைத் தின்னும்

1973-இல் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் உரை நிகழ்த்த வேண்டும். போகும் வழியில் ஒருவர் சுருண்டு கிடப்பார். நேரம் இருக்கிறது என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று அவசரப்படுத்தி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர் மட்டுமே நின்றார்கள். மொத்த மாணவர்களில் பாதிப்பேர் பேசப் போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. தலைப்பு பெரிதாக எதையும் மாற்றவில்லை.

தலைவரின் நாட்காட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தால் அவர் எந்த வகை மாணவர் என்பது தெரிந்துவிடும். அரை மணிக்கு ஒரு கூட்டம் என்று காலை முதல் மாலை வரை இடைவெளியின்றிப் போகிறவரிடம் மனிதநேயப் பயிற்சி எடுபடாது. முதலில் நாட்காட்டியில் கைவைக்க வேண்டும்: ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசிப் பத்து நிமிடத்தை வெட்டுவது, வாரத்துக்கு இரண்டு முறை தொண்ணூறு நிமிடம் யாரும் தொடாமல் ஒதுக்குவது, ஒருவர் வேலையைப் பறிக்கும் முடிவுகளைப் பிற்பகல் கடைசியில் எடுக்காமல் மறுநாள் காலைக்குத் தள்ளுவது. இவற்றை உதவியாளரிடம் விதியாகவே கொடுத்துவிடுவது நல்லது. சுயக்கட்டுப்பாட்டை நம்பி விட்டால் இரண்டாம் வாரமே கரைந்துவிடும்.

நாட்காட்டியைவிட வலியது ஊக்கத்தொகை. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு கணக்கோ சேவையோ விற்க வேண்டும் என்பது இலக்கு. அழுத்தம் தாங்காமல் ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகள் திறந்தார்கள். சில ஆண்டுகளில் சுமார் 5,300 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள், இலக்கு அப்படியே இருந்தது. 2016-இல் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஒரே தவறைச் செய்கிற இடத்தில் ஆயிரக்கணக்கான குணக்கேடர்களைத் தேடுவது பொருத்தமில்லாதது. மேலே இருப்பவர்களிடம் அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘இந்த இலக்கை நேர்மையாக எட்ட முடியாத ஊழியர் என்ன செய்வார் என்று எதிர்பார்த்தீர்கள்?’ ஒவ்வோர் ஆண்டும் இலக்கு வகுக்கும் கூட்டத்தில், எண்களுக்கு ஒப்புதல் தருமுன், இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும்.

முடிவேடு

தாமதமாக வரும் விளைவை முடிவோடு கட்டிப்போட ஒரு நோட்டு போதும். மாதத்துக்கு இரண்டு அல்லது மூன்று முடிவுகளை மட்டும், அறிவிப்பதற்கு முன், பத்து நிமிடத்தில், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதி வைப்பது. ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

‘முடிவு: புதிய மென்பொருளை எல்லாக் கிளைகளிலும் ஒரே நாளில் மாற்றுவது. கைவிட்ட வழிகள்: கிளை கிளையாக மாற்றுவது, ஆறு மாதம் தள்ளிவைப்பது. எதிர்பார்ப்பு: முதல் மாதப் புகார்கள் இப்போதையதைப் போல் இரு மடங்கைத் தாண்டாது, நம்பிக்கை 75 சதவீதம். எது நடந்தால் மனம் மாறுவேன்: சோதனைக் கிளையில் மூன்றாம் வாரமும் கணக்கு முடிக்க இரவு எட்டு மணி ஆனால். எதிர்த்தவர்: கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர், பயிற்சி நாட்கள் போதாது என்றார். என் நிலை: இரண்டு இரவாகத் தூக்கம் சரியில்லை; வாரியக் கூட்டத்துக்குள் அறிவித்துவிட வேண்டும் என்ற பரபரப்பு.’

மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதத்தில் அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும். புகார்கள் மூன்று மடங்கானால் மனம் ‘எனக்கு அப்போதே சந்தேகம்தான்’ என்று சொல்லும். 75 என்ற எண் அதை மறுக்கும். விளைவு தெரிந்த பிறகு மனிதர்கள் தங்கள் பழைய கணிப்பையே மாற்றி நினைவுகூர்கிறார்கள் என்பதை பாருக் ஃபிஷ்ஹாஃப் 1975-லேயே காட்டினார். சதவீதம் எழுதாத பக்கத்தால் இந்தப் பயன் கிடைக்காது. ‘வெற்றி பெறும் என நம்புகிறேன்’ என்ற வரிக்கு எந்த விளைவும் பொருந்திவிடும்.

திறந்து பார்க்கும்போது முடிவின் தரத்தையும் விளைவையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். நன்றாக யோசித்து எடுத்த முடிவு கெட்ட நேரத்தால் தோற்கலாம். அரைகுறையாக எடுத்தது அதிர்ஷ்டத்தால் ஜெயிக்கலாம். இந்த இரண்டாவது வகைதான் ஆளைக் கெடுப்பது. யாரும் அதை விசாரிப்பதில்லை, பாராட்டு வேறு கிடைக்கிறது, அடுத்த முறை அதே அரைகுறை வழி ‘என் பாணி’ ஆகிவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு பக்கம் சேர்ந்த பிறகு ‘என் நிலை’ என்ற கடைசி வரிகளை மட்டும் வரிசையாகப் படித்தால், எந்த மனநிலையில் எடுத்த முடிவுகள் சறுக்குகின்றன என்று அவரவருக்கே புலப்படும்.

ஏடு எங்கே பிசகுகிறது என்பதும் தெரிந்ததே. முடிவு அறிவித்த பிறகு எழுதினால் அது தன் முடிவுக்கான வக்காலத்து ஆகிவிடும். எல்லாவற்றையும் எழுதத் தொடங்கினால் மூன்றாம் வாரத்தில் நின்றுபோகும். மனிதவளத் துறை கேட்டு வாங்கிப் பார்க்கத் தொடங்கிய நாளோடு அது செத்துவிடும். மதிப்பீட்டுக்குப் போகும் காகிதத்தில் யாரும் ‘தூக்கம் சரியில்லை’ என்று எழுத மாட்டார்கள். நோட்டு எழுதியவருக்கே சொந்தம் என்று முதலிலேயே எழுத்தில் உறுதி தர வேண்டும். வழக்கு, ஆவண விதிகள் கடுமையாக உள்ள துறையில் சட்ட ஆலோசகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் அவசியம்.

இன்னொரு சிறு மாற்றம் இந்த ஏட்டை ஆழப்படுத்துகிறது. ஊருக்கு உபதேசம் செய்யும்போது நாம் நிதானமாகவே யோசிக்கிறோம். நமக்கென்று வரும்போது தடுமாறுகிறோம். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் இகோர் கிராஸ்மனும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராசும் 2014-இல் இதை அளந்து காட்டினார்கள்; தன் சிக்கலைச் சற்று விலகி நின்று பார்க்கச் சொன்னபோது அந்த இடைவெளி மறைந்தது. கிராஸ்மன் குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாட அனுபவத்தை ஏறத்தாழ ஒரு மாதம் படர்க்கையில் எழுதியவர்களிடம் தன் அறிவின் எல்லையை உணர்வதும் பிறர் கோணத்தைத் தேடுவதும் கூடியிருந்தன. எனவே மனம் கொதிக்கும் முடிவுகளை ‘நான்’ போடாமல் எழுதிப் பார்க்கலாம்: ‘அவர் ஏன் இந்த மின்னஞ்சலைப் படித்ததும் அவ்வளவு கோபப்பட்டார்? அனுப்பியவர் என்ன எதிர்பார்த்திருப்பார்?’ முதலில் செயற்கையாகத்தான் தோன்றும். ஒரு வாரம் பொறுத்தால் கை பழகிவிடும்.

இடித்துரைப்பவர்கள்

நோட்டு தாமதத்தைச் சரிசெய்யும். முகதாட்சண்யத்தைச் சரிசெய்ய ஆட்கள் வேண்டும். கேரி கிளைன் 2007-இல் பரவலாக்கிய ஒரு முறை இதில் மிக எளியது. முடிவு ஏறக்குறைய தயாரான நிலையில் ஆறிலிருந்து எட்டுப் பேரைக் கூட்டி, ‘ஓராண்டு கழிந்துவிட்டது, இந்தத் திட்டம் படுதோல்வி. ஏன் தோற்றது?’ என்று சொல்லிவிட்டு, மூன்று நிமிடம் ஒவ்வொருவரும் தனியே எழுத வேண்டும். பிறகு ஒருவர் ஒரு காரணம் என்று சுற்றிவர வேண்டும், தீரும்வரை. தலைவர் கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும். முழுவதும் முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். ‘தோற்குமா?’ என்று கேட்டால் விசுவாசமில்லாதவர் என்று பெயர் வாங்கப் பயப்படுகிறவர்கள், ‘தோற்றுவிட்டது, ஏன்?’ என்றால் தங்கள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டப் போட்டி போடுவார்கள்.

இதைக் கெடுக்கும் வழிகள் இரண்டு. திட்டத்தை ஊரறிய அறிவித்த பிறகு நடத்துவது ஒன்று. வந்திருப்பவர்கள் சடங்கு என்று புரிந்துகொண்டு பாதகமில்லாத காரணங்களைச் சொல்லிவிட்டுப் போவார்கள். மற்றது, வந்த காரணங்களில் ஒன்றுகூடத் திட்டத்தை மாற்றாமல் விடுவது. இரண்டு கூட்டம் இப்படிப் போனால் மூன்றாவதில் எல்லோரும் ‘ஆமாம் சாமி’தான்.

ஒருவரை எதிர்த்துப் பேசும் வேடத்துக்கு நியமிப்பது பல இடங்களில் வழக்கம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லன் நெமத் 2001-இல் வெளியிட்ட சோதனைகள், வேடத்துக்காக எதிர்ப்பவரைவிட உண்மையாகவே மாறுபட்டவர் இருக்கும் குழுதான் நன்றாக யோசிக்கிறது என்று காட்டின. வேடம் என்று தெரிந்ததும் கேட்பவர்கள் தங்கள் நிலைப்பாட்டையே இன்னும் இறுக்கிக்கொள்கிறார்கள். ஆகவே அறையில் யார் உண்மையில் உடன்படவில்லை என்று கண்டுபிடிப்பதற்கு நேரம் செலவிடுவதே மேல். கூட்டத்துக்கு முந்தைய நாள் ஒவ்வொருவரிடமும் ஒரு வரி எழுதி வாங்கினால் போதும்: ‘ஆதரவா, எதிர்ப்பா, முதன்மையான காரணம் என்ன?’ பேச்சு தொடங்குமுன் எழுத்தில் வந்த எதிர்ப்பு, மேலதிகாரியின் முகம் பார்த்துக் கரைந்துபோகாது.

கெட்ட செய்தி கொண்டுவந்தவருக்கு முதல் பத்து விநாடியில் கிடைக்கும் முகபாவமே அந்த அலுவலகத்தின் கொள்கை. மீதியெல்லாம் சுவரில் ஒட்டிய தாள். ‘ஏன் முன்பே சொல்லவில்லை?’ என்பது இயல்பாக வரும் முதல் வாக்கியம். அடுத்த செய்தி இன்னும் தாமதமாக வர அதுவே வழிசெய்யும். ‘சொன்னது நல்லது. இப்போது என்ன தெரியும், என்ன தெரியாது?’ என்ற வாக்கியத்தை நாக்கு பழகும்வரை ஒத்திகை பார்க்க வேண்டும். மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்த எமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில் பிழை எண்ணிக்கை அதிகமாகப் பதிவாகியிருந்ததைக் கண்டு முதலில் திகைத்தார். அவர்கள் அதிகம் தவறவில்லை, தவறியதை அதிகம் சொன்னார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. புதிய தலைவர் வந்த முதல் ஆண்டில் பிழை அறிக்கைகள் கூடினால் அவரைக் குற்றம் சொல்லும் வாரியம் இதைப் படித்திருக்க வேண்டும்.

ஒத்திகை பார்த்த வாக்கியங்கள்

எது சரி என்று தெரியாமல் தவறுபவர்களைவிட, தெரிந்தும் அந்த நேரத்தில் வாய் எழாமல் தவறுபவர்களே அதிகம். மேரி ஜென்டைல் உருவாக்கிய பயிற்சி முறை இந்த இடத்தைத்தான் குறிவைக்கிறது. ‘எது சரி?’ என்ற விவாதத்தைத் தாண்டி, சரி இன்னது என்று வைத்துக்கொண்டு, ‘அதை யாரிடம், எந்தச் சொற்களில், எப்போது சொன்னால் நடக்கும்?’ என்று பயிற்சி கேட்கிறது. மறுபக்கத்தார் சொல்லக்கூடிய சாக்குகளையும் முன்கூட்டியே பட்டியலிட வேண்டும். ‘எல்லோரும் செய்வதுதான்’, ‘இந்தக் காலாண்டு மட்டும்’, ‘இது உங்கள் துறையில்லை’ என்று அவை எங்கும் ஒன்றுபோலவே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிப் பதிலை எழுதி, சக ஊழியர் ஒருவரிடம் சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். மனத்துக்குள் சொல்லிக்கொள்வது போதாது. குரல் நடுங்கும் இடம் சத்தமாகச் சொன்னால்தான் தெரியும்.

ஒத்திகை நிறுவன அளவிலும் நடக்கலாம். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்துக்கு 1943-இல் எழுதப்பட்ட கொள்கைப் பத்திரம் ஒன்று உண்டு. நுகர்வோருக்கான பொறுப்பை முதலிலும் பங்குதாரருக்கான பொறுப்பைக் கடைசியிலும் வைப்பது. 1970-களின் இறுதியில் தலைவர் ஜேம்ஸ் பர்க் மேலாளர்களைக் கூட்டி, இதன்படி நடக்கப் போவதில்லை என்றால் சுவரிலிருந்து கழற்றிவிடலாம் என்று சவால் விட்டு வரிவரியாக விவாதிக்க வைத்தார். 1982-இல் சிகாகோ பகுதியில் யாரோ சயனைடு கலந்த, அந்த நிறுவனத்தின் வலிநிவாரணியான டைலினால் மாத்திரைகளால் ஏழு பேர் இறந்தபோது, நிறுவனம் நாடு முழுவதிலுமிருந்து சுமார் 3.1 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றது. செலவு 10 கோடி டாலருக்கு மேல். அந்த வாரத்தில் பத்திரத்தைப் புதிதாகப் படிக்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது. ஏற்கெனவே சண்டை போட்டு முடித்திருந்தார்கள். பல நிறுவனங்களில் விழுமியப் பட்டியல் ஒரு முறை எழுதப்பட்டு, அதன்பின் யாராலும் எதிர்க்கப்படாமல் தொங்குகிறது. ஆண்டுக்கு ஒரு முறை, அந்தப் பட்டியலில் ஒரு வரிக்காக நிறுவனம் என்ன லாபத்தை இழந்தது என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் இல்லையென்றால் அந்த வரி இன்னும் சோதிக்கப்படவில்லை.

சம நிலையினர் குழு

மேலே இருப்பவருக்குத் தன் அலுவலகத்துக்குள் சமமானவர் கிடையாது. ஐந்தாறு துறைத் தலைவர்கள், முடிந்தால் ஒருவருக்கொருவர் பதவி உயர்வில் போட்டியில்லாதவர்கள், மாதம் ஒரு முறை தொண்ணூறு நிமிடம் கூடும் குழு இந்தக் குறையைத் தீர்க்கும். இதன் மூலவர் ரெக் ரெவன்ஸ், 1940-களில் பிரிட்டனின் நிலக்கரி வாரியத்தில் சுரங்க மேலாளர்களை ஒருவர் சிக்கலை மற்றவர் கேள்வி கேட்டு அலச வைத்தார். ஒருவர் பத்து நிமிடத்தில் தன் நடப்புச் சிக்கலைச் சொல்வார். அடுத்த முப்பது நிமிடம் மற்றவர்கள் கேள்வி மட்டுமே கேட்கலாம். ‘நீங்கள் இப்படிச் செய்து பார்த்தீர்களா?’ என்பது கேள்வி உடை போட்ட அறிவுரை. நடத்துபவர் அதைத் தடுக்க வேண்டும். அடுத்த இருபது நிமிடம் சிக்கலுக்குரியவர் பேசாமல் இருக்க, மற்றவர்கள் அவர் இல்லாதது போலத் தங்களுக்குள் விவாதிப்பார்கள். பிறகு அவர் அடுத்த சந்திப்புக்குள் செய்யப்போகும் ஒரு செயலைச் சொல்வார். மீதி நேரத்தில் போன மாதம் செயல் சொன்னவர் செய்தாரா என்று பார்ப்பார்கள். இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடும் குழுக்கள் நான்கைந்து மாதத்தில் அரட்டையாகிவிடுகின்றன.

தேர்விலேயே தொடங்க வேண்டியது

குணத்தைக் கேள்வித்தாளால் அளக்க முயல்வதில் ஒரு சிக்கல் உண்டு: பணிவு இல்லாதவர்தான் பணிவில் தனக்கு அதிக மதிப்பெண் போட்டுக்கொள்வார். நேர்காணலில் நடந்ததைக் கேட்பதே வழி. ‘உங்களுக்குக் கீழே இருப்பவர் சொல்லி நீங்கள் கடைசியாக மனம் மாற்றியது எப்போது? அவர் சொன்ன சொற்கள் என்ன?’ என்று கேட்டால், உண்மையில் அப்படி நடந்தவருக்கு ஆளும் நாளும் சொற்களும் நினைவில் இருக்கும். மற்றவர் ‘நான் எப்போதும் குழுவைக் கேட்டுத்தான்…’ என்று பொதுவாகப் பேசுவார். மேலதிகாரிகளிடம் மட்டும் விசாரிப்பது போதாது. முன்பு அவருக்குக் கீழே இருந்து வேறு துறைக்குப் போனவர்கள், இப்போது அவரிடம் எதிர்பார்க்க எதுவும் இல்லாதவர்கள், மூன்று பேரிடமாவது பேச வேண்டும். அவர்களிடம் ‘நல்லவரா?’ என்று கேட்டால் முகதாட்சண்யப் பதில்தான் வரும். ‘அவரிடம் கெட்ட செய்தி சொல்லப் போகுமுன் நீங்கள் என்ன தயாரிப்பு செய்வீர்கள்?’ என்று கேட்க வேண்டும். ‘நேராகப் போய்ச் சொல்வோம்’ என்பதற்கும் ‘முதலில் அவர் மனநிலை எப்படி என்று உதவியாளரிடம் கேட்போம்’ என்பதற்கும் உள்ள தூரம், எந்த மதிப்பெண் தாளிலும் கிடைக்காது.

பதவி கொடுத்த பிறகு முதல் ஆறு மாதம்தான் மென்மையான காலம். பழைய சகாக்கள் இன்னும் நேராகப் பேசுவார்கள், புதியவர்கள் இன்னும் பயப்படக் கற்றுக்கொள்ளவில்லை. முடிவேடு, சம நிலையினர் குழு, கூட்டத்துக்கு முந்தைய எழுத்து எதிர்ப்பு ஆகிய மூன்றையும் அந்த ஆறு மாதத்துக்குள் பழக்கமாக்கிவிட வேண்டும். இரண்டாம் ஆண்டில் தொடங்கினால் ‘என்ன, திடீரென்று?’ என்று அலுவலகமே சந்தேகப்படும், முதல் சில மாதங்கள் அந்தச் சந்தேகத்தைக் கரைப்பதிலேயே போய்விடும். பன்னிரண்டு மாதம் ஆனதும் எண்ணிப் பார்க்க வேண்டியவை மூன்று: அவர் எத்தனை முடிவுகளை மற்றவர் பேச்சுக் கேட்டு மாற்றினார், எத்தனை கெட்ட செய்திகள் வெளியே கசியுமுன் அவரிடம் நேரில் வந்தன, அவரை எதிர்த்துப் பேசியவர்களில் எத்தனை பேர் இன்னும் அதே குழுவில் இருக்கிறார்கள்.